கை நீட்டும் கலை

சாந்தோம் கடற்கரையில் பொழுது விடியும் சமயத்தில் இரண்டு வகை மனிதர்களைக் காணலாம். டாக்டர் சொன்னதற்காக நடக்கிறவர்கள் ஒரு வகை. டாக்டரிடம் போகாமலிருப்பதற்காக நடக்கிறவர்கள் மற்றொரு வகை. நாம் முதல் வகையைச் சேர்ந்தவர்கள் என்பதை நேயர்களிடம் வெட்கமின்றி ஒப்புக்கொள்கிறோம்.

அப்படி ஒரு நாள் காலையில், தேவாலயத்தின் வெண்மையான கோபுரம் பின்னால் நிற்க, கடலோரமாக நடந்து கொண்டிருந்தோம். ஈரமணலில் ஏழெட்டு வாலிபர்கள் வரிசையாக நின்று காற்றைக் குத்திக் கொண்டிருந்தார்கள். எதிரில் ஆள் இல்லை. ஆயினும் ஆள் இருப்பதாகவே பாவித்து, குனிந்தும் விலகியும் குத்தினார்கள். இதற்கு 'நிழற் சண்டை' என்று பெயர். நரைத்த தலையும் நிமிர்ந்த முதுகுமாக ஒரு பெரியவர் அவர்களைச் சுற்றி வந்து கொண்டிருந்தார். எல்லோரும் அவரை 'வாத்தியாரே' என்று அழைத்தார்கள்.

அந்த வாலிபர்களில் ஒருவன் மற்றவர்களைவிட வேகமாகக் குத்தினான். பத்தொன்பது வயதிருக்கும். கை போவதும் வருவதும் நம் கண்ணுக்குச் சரியாகப் புலப்படவில்லை. "பலே!" என்று நாம் மனத்திற்குள் சொல்லிக்கொண்ட அதே சமயத்தில், அவன் திடீரென்று நின்று, வலது முழங்கையின் பின்புறத்தை இடது கையால் பற்றிக் கொண்டான்.

"என்னடா தம்பி, மறுபடியும் பிடிக்குதா?" என்றார் பெரியவர்.

"இல்லே வாத்தியாரே, சும்மாத்தான்."

"சும்மா யாரும் முழங்கையைப் பிடிக்க மாட்டான். போய் உட்காரு."

"செலக்ஷனுக்கு இன்னும் மூணு வாரந்தான் இருக்கு, வாத்தியாரே!"

"அதனாலேதான் உட்காரச் சொல்றேன்."

பையன் கண் கலங்கிப் போய் மணலில் உட்கார்ந்தான். விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவன் பக்கத்துக் குப்பத்துப் பிள்ளை. தகப்பனார் கடலுக்குப் போகிறவர். மாநிலப் போட்டியில் பெயர் வாங்கினால், விளையாட்டு வீரர்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் ரயில்வேயிலோ போலீஸிலோ ஓர் உத்தியோகம் கிடைக்கலாம் என்பது குடும்பத்தின் நம்பிக்கை. ஆகவே, அந்த முழங்கை அவனுக்கு மட்டும் சொந்தமானதல்ல. ஒரு வீடே அதன்மேல் சாய்ந்து நின்று கொண்டிருந்தது.

அன்று தொடங்கி, பெரியவரிடம் பல நாள் பேசினோம். வைத்தியர்களின் புத்தகங்களையும் புரட்டினோம். அவற்றின் சாரத்தை இங்கே நேயர்களுக்குத் தருகிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளும் பெண்களும் குத்துச் சண்டை பழகும் காலம் வந்துவிட்டபடியால், இது குடும்பங்களில் வாசிக்கத் தகுந்த விஷயமே என்பது நம் அபிப்பிராயம்.

சென்னையும் குத்துச் சண்டையும்

சென்னைப் பட்டணத்துக்குக் குத்துச் சண்டை புதிதல்ல. கையுறை அணிந்து, மூன்று நிமிஷம் சண்டை, ஒரு நிமிஷம் ஓய்வு என்ற முறை இங்கிலாந்தில் 1867-ஆம் வருஷம் வெளியான குவீன்ஸ்பரி விதிகளோடு பிறந்தது. வெள்ளைக்காரச் சிப்பாய்களோடும் ஆங்கிலோ இந்தியர்களோடும் அது இந்நகரத்திற்கு வந்து சேர்ந்தது. ராயபுரம் முதலிய வடசென்னைப் பகுதிகளில் துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைத்தவர்கள் அதைத் தங்கள் சொத்தாகவே ஆக்கிக்கொண்டார்கள். சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்பச் செட்டியார் பரம்பரை என்று சங்கீத வித்துவான்களைப் போலப் பரம்பரை வைத்துக்கொண்டு போட்டியிட்டார்கள். 'ரோஷமான ஆங்கிலக் குத்துச் சண்டை' என்று சுவரொட்டியில் விளம்பரம் கண்டால் ஜனங்கள் திரள் திரளாகக் கூடுவது வழக்கம். அன்னிய ஆட்சிக் காலத்தில் பிறந்து வளர்ந்த ஒரு கூலித் தொழிலாளி, ஆள்பவனுடைய ஆட்டத்தை ஆள்பவனுடைய விதிப்படியே ஆடி ஜயிப்பதென்றால் அது சாதாரண விஷயமா? 'ரோஷம்' என்ற சொல் அந்த விளம்பரத்தில் காரணமில்லாமல் வந்து சேரவில்லை.

உலகப் புகழ் பெற்ற முகம்மது அலி 1980-ஆம் வருஷம் சென்னைக்கு வந்து காட்சிச் சண்டை செய்ததை இன்றும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் உண்டு. 1994-இல் பாங்காக் நகரில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் சென்னை வீரர் தேவராஜன் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2021-இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' என்ற திரைப்படம் பழைய கதையைப் புதிய தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தது. ஒலிம்பிக்கில் விஜேந்தர் சிங் 2008-லும், மணிப்பூரின் மேரி கோம் 2012-லும் வெண்கலம் வென்றபின், தேசமெங்கும் பிள்ளைகளும் பெண்களும் கையுறையைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

தேடட்டும், நல்லதுதான். ஆனால் கையுறை முஷ்டியைக் காப்பாற்றுமே தவிர முழங்கையைக் காப்பாற்றாது. அதைக் காப்பாற்ற வேண்டியது புத்தி.

கதவும் நிலையும்

முழங்கை என்பது மூன்று எலும்புகள் கூடும் இடம். தோளிலிருந்து வரும் மேற்கை எலும்பு ஒன்று. மணிக்கட்டு நோக்கிச் செல்லும் முன்கை எலும்புகள் இரண்டு. அவ்விரண்டில் ஒன்றின் மேல்நுனிதான், நாம் மேஜைமேல் ஊன்றிக் கொள்ளும் கூரான முழங்கை முனை. மேற்கை எலும்பின் பின்புறத்தில், கீழ்ப்பக்கமாக, ஒரு சிறு குழி இருக்கிறது. கையை முழுவதும் நீட்டும்போது முழங்கை முனை அந்தக் குழிக்குள் போய்ப் பொருந்துகிறது. கதவு நிலையில் போய்ப் பொருந்துவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெதுவாகச் சாத்தினால் கதவுக்கும் கேடில்லை, நிலைக்கும் கேடில்லை. நாள் ஒன்றுக்கு ஐந்நூறு தடவை ஓங்கிச் சாத்தினால் என்ன ஆகும்? பூச்சு உதிரும், மரம் பிளக்கும். முழங்கைக்கும் அதே கதிதான். எலும்பின்மேல் படர்ந்துள்ள வழவழப்பான குருத்தெலும்பு தேய்கிறது. சுற்றிலும் வீக்கம் காண்கிறது. வருஷக் கணக்கில் இது தொடர்ந்தால் குழியின் ஓரத்தில் முள் போன்ற எலும்பு வளர்ச்சி உண்டாகலாம். சிறு துணுக்குகள் உடைந்து மூட்டுக்குள் அலையவும் கூடும். அப்புறம் கை முழுவதும் நீளாது. சில சமயம் நடுவழியில் சிக்கிக்கொண்டு நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எதிராளியின்மேல் பட்ட குத்தைவிடப் படாத குத்துதான் முழங்கைக்கு அதிக அபாயம். பட்ட குத்தின் வேகத்தை இலக்கு வாங்கிக்கொள்கிறது. படாத குத்தின் வேகத்தை யார் வாங்கிக்கொள்வது? கையின் முன்புறத்துத் தசைகள் இழுத்துப் பிடித்து நிறுத்த வேண்டும். அவை சற்றுத் தாமதித்தாலும் களைத்திருந்தாலும், எலும்பே எலும்பில் மோதி நிற்கிறது. நாம் கண்ட பையன் காற்றைத்தான் குத்திக் கொண்டிருந்தான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

வேகம் எங்கே பிறக்கிறது?

"வேகம் வேண்டும் என்று பையன்கள் கையைத் துரத்துகிறார்கள், அது கையில் இல்லை" என்றார் பெரியவர். பிறகு கடற்பக்கம் கையைக் காட்டினார். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒருவர் வீச்சு வலை எறிந்து கொண்டிருந்தார்.

"அவர் கையைப் பாருங்கள். இறுகியா இருக்கிறது? காலை ஊன்றுகிறார், இடுப்பைத் திருப்புகிறார், தோள் பின்னால் வருகிறது, கடைசியில்தான் கை. வலை வட்டமாக விரிகிறது. இந்தப் பையனுடைய அப்பாவும் இப்படித்தான் எறிவார். வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது இவன் என்னிடம் வந்து தப்பாகக் கற்றுக்கொண்டான்!"

அவர் சொன்னது வெறும் உவமையன்று. 1985-இல் வெளியான ஒரு சோவியத் ஆராய்ச்சியில், தேர்ச்சி பெற்ற வீரர்களின் குத்தில் கைக்குச் சேர வேண்டிய பங்கு ஏறக்குறைய நாலில் ஒன்றுதான் என்று கண்டார்கள். எஞ்சியதில் பாதிக்குச் சற்று அதிகமாகக் கால் தந்தது. மற்றது உடலின் திருப்பம் தந்தது. புதிதாகப் பழகுகிறவர்களிடமோ காலின் பங்கு குறைவு, கையின் பங்கு அதிகம். காலும் இடுப்பும் தராததைக் கையிடமிருந்து பிடுங்கப் பார்க்கிறவன் முழங்கையை உதைத்து நீட்டுகிறான். கதவு ஓங்கிச் சாத்தப்படுகிறது.

இரண்டாவது ரகசியம் தளர்ச்சி. முஷ்டியை ஆரம்பத்திலிருந்தே இறுக்கிப் பிடித்தால், கையை நீட்டும் தசையும் மடக்கும் தசையும் ஒரே சமயத்தில் இழுக்கின்றன. இரண்டு மாடுகளை வண்டிக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகக் கட்டியது போலாகிறது. தேர்ந்த சண்டைக்காரர்களைக் கருவிகள் கொண்டு ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சி இதைத் தெளிவாகக் காட்டிற்று. அடி புறப்படும்போது தசைகள் ஒரு முறை இறுகுகின்றன, நடுவழியில் தளர்கின்றன, படும் தறுவாயில் மறுபடி இறுகுகின்றன. நடுவே வரும் தளர்ச்சியில்தான் வேகம் இருக்கிறது. முடிவில் வரும் இறுக்கத்தில் கனம் இருக்கிறது.

குத்தும் முறை

இனி, பெரியவர் பிள்ளைகளுக்குக் கற்பித்த முறையைச் சொல்லுகிறோம்.

முதலாவது, முழங்கை விலாவை ஒட்டிக் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். கோழி இறகை விரிப்பது போல அதை வெளியே தூக்கிவிட்டு நேர்க்குத்து விடக்கூடாது. தூக்கினால் குத்து வருவது எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். மூட்டின்மீது பக்கவாட்டுச் சுமையும் விழும்.

இரண்டாவது, உள்ளங்கை கீழ்நோக்கித் திரும்புவது கடைசித் தறுவாயில் நடக்க வேண்டும். தோளும் முன்கையும் சேர்ந்து அந்தத் திருப்பத்தைச் செய்ய வேண்டும். முழங்கையைச் சடக்கென்று முறுக்கிச் செய்யலாகாது.

மூன்றாவது, கை முழுவதும் நேராகுமுன் குத்து முடிந்துவிட வேண்டும். முழங்கையில் மிகச் சிறிய வளைவு எப்போதும் மிச்சமிருக்க வேண்டும். 'அப்படியானால் எட்டாதே!' என்று சிலர் கேட்பார்கள். எட்டவில்லை என்றால் காலை முன்னால் வையுங்கள், தோளைத் திருப்புங்கள். முழங்கையிடம் கடன் கேட்காதீர்கள்.

நாலாவது, கை போன வழியே திரும்பி வரவேண்டும். போகிற வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வருகிற வேகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சீக்கிரம் திரும்பும் கைதான் அடுத்த குத்துக்குச் சீக்கிரம் தயாராகிறது. முகத்தையும் அதுவே காக்கிறது. திரும்பவேண்டும் என்ற நினைவோடு புறப்பட்ட கை, கதவை ஓங்கிச் சாத்துவதில்லை.

ஐந்தாவது, 'ஹூக்' என்னும் வளைவுக் குத்தில் முழங்கை ஏறக்குறையச் செங்கோணமாக மடிந்து, அந்தக் கோணம் மாறாமல் உடலோடு சேர்ந்து சுழல வேண்டும். கையை மட்டும் வீசி அறைந்தால் முழங்கையின் உட்புறத்துத் தசைநார்கள் இழுபடும்.

குத்து விடும்போது மூச்சையும் வெளியே விட வேண்டும். மூச்சைப் பிடித்தவன் தோளையும் பிடித்துக்கொள்கிறான்.

பயிற்சியில் மிதம்

கைக்குக் கட்டுத் துணி சுற்றாமல் கனமான மூட்டையைக் குத்தக்கூடாது. மணிக்கட்டு வளைந்தால் அந்த அதிர்ச்சி முழங்கைக்கு ஏறும். மூட்டைக்கு எதிரே நிற்கும் தூரத்தை முதலில் மெதுவாக அளந்துகொள்ள வேண்டும். கை முற்றிலும் நீளுமுன்பே முஷ்டி மூட்டையில் பதிய வேண்டும்.

நிழற் சண்டையில் எப்போதும் முழு வேகம் வேண்டாம். பெரும்பகுதியை முக்கால் வேகத்தில், உருவம் கெடாமல் செய்வதே நலம். முழு வேகப் பயிற்சியைத் தனியாக வைத்துக்கொண்டு, பத்து விநாடி குத்தி, ஒரு நிமிஷம் போல் ஓய்ந்து, மறுபடி குத்தலாம். களைத்த கை வேகத்தைக் கற்பதில்லை, களைப்பையே கற்கிறது.

கையில் இரும்புக் குண்டைப் பிடித்துக்கொண்டு காற்றைக் குத்தும் வழக்கம் ஒன்று பல இடங்களில் இருக்கிறது. குண்டின் கனம் கீழ்நோக்கி இழுக்கிறது; குத்தோ முன்நோக்கிப் போகிறது. ஆகையால் குத்தும் தசைக்கு அதனால் வரும் லாபம் சொற்பம். நிறுத்தும் முழங்கைக்கு வரும் சுமையோ பெரிது. குண்டைத் தனியாகத் தூக்குங்கள். குத்தைத் தனியாகப் பழகுங்கள்.

தண்டால் எடுப்பது நீட்டும் தசைகளுக்கு நல்லது. ஆனால் நீட்டுவதை மட்டும் வளர்த்து, நிறுத்துவதை வளர்க்காதவன் தடுப்புக்கட்டை இல்லாத வண்டி ஓட்டுகிறான். கம்பியைப் பிடித்துத் தொங்கி மேலே எழும்புவதும், மடக்கிய கையில் பளுவை வைத்து மெள்ள மெள்ள இறக்குவதும் அந்தத் தடுப்புத் தசைகளுக்கு வலுவளிக்கும். வாரத்துக்கு வாரம் குத்தின் எண்ணிக்கையைச் சிறுகச் சிறுகவே கூட்ட வேண்டும். போட்டி நெருங்குகிறதென்று திடீரென இரட்டிப்பாக்கினால், போட்டிக்கு முன்பே தோற்றுவிடுவோம்.

வலி வந்தால்

முழங்கையின் பின்புறத்தில், கையை நீட்டும்போது மட்டும் 'சுருக்'கென்று வலித்தால், கதவு நிலையில் மோதத் தொடங்கிவிட்டது என்று ஐயுறலாம். அப்போது குத்துவதை நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைக் கால் மணி நேரம் வைத்தால் வலி தணியலாம். காலுக்கும் இடுப்புக்கும் உரிய பயிற்சிகளைத் தொடரத் தடையில்லை. கயிறு தாண்டும்போது கையில் வலி தெரிந்தால் அதையும் விட்டுவிட வேண்டும்.

வீக்கம் இறங்காவிட்டாலும், கை முழுவதும் நீளவோ மடங்கவோ மறுத்தாலும், மூட்டு சிக்கிக்கொண்டாலும், மோதிர விரலும் சுண்டுவிரலும் மரத்துப் போனாலும் எலும்பு வைத்தியரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

இன்னும் ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். அடிபட்ட முழங்கையில் எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவதும், 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று இழுத்து மடக்குவதும் நம் வீடுகளில் சகஜம். அன்போடுதான் செய்கிறார்கள். ஆனால் காயம்பட்ட முழங்கையைப் பலவந்தமாக நீவினால், அதைச் சுற்றியுள்ள தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து, மூட்டு நிரந்தரமாக விறைத்துப் போகக்கூடும் என்று எலும்பு வைத்தியர்கள் எச்சரிக்கிறார்கள். எண்ணெய்க் கிண்ணத்துடன் வரும் பாட்டியை வணங்கி, அந்த எண்ணெயைத் தலையில் தேய்த்துவிடும்படி கேட்டுக்கொள்வதே உத்தமம்.

குத்துச் சண்டையில் முழங்கையைவிடப் பெரிய விஷயம் தலை என்பதையும் மறைக்க நாம் விரும்பவில்லை. தலையில் அடி வாங்குவது மூளைக்குக் கெடுதல். ஒவ்வொரு நாளும் ஒருவரையொருவர் பலமாக அடித்துக்கொள்வது பயிற்சியாகாது. நல்ல வாத்தியார் அதை அனுமதிப்பதில்லை. பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோர்கள் முதலில் பார்க்க வேண்டியது சுவரில் மாட்டிய பதக்கங்களையல்ல. வலிக்கிறது என்று சொன்ன பையனை வாத்தியார் என்ன செய்கிறார் என்பதைத்தான்.

மறுபடியும் கடற்கரை

அந்தப் பையன் அவ்வருஷத்துத் தேர்வுக்குப் போகவில்லை. வைத்தியர் பார்த்துவிட்டு ஓய்வு கொடுக்கச் சொன்னார். வீட்டில் வருத்தந்தான். "ஒரு வருஷம் போச்சே!" என்று தாயார் புலம்பினாளாம். "ஒரு வருஷந்தானே போச்சு, கை இருக்குதே" என்று தகப்பனார் பதில் சொன்னாராம். கடலுக்குப் போகிறவருக்கு எது போனால் திரும்பி வரும், எது போனால் வராது என்று தெரியும்.

சில மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் பையனை மறுபடியும் கண்டோம். ஆனால் வாத்தியாரின் வரிசையில் அல்ல. இடுப்பளவு தண்ணீரில், தகப்பனாரின் பக்கத்தில் நின்று கொண்டிருந்தான். வலை எறியப் பழகுகிறானாம், வாத்தியாரின் உத்தரவாம். முதல் தடவை வலை சுருண்டு போய் விழுந்தது. தகப்பனார் சிரித்தார். "கையாலே எறியாதேடா, காலாலே எறி!" என்றார். இரண்டாவது தடவை கொஞ்சம் விரிந்தது. மூன்றாவது தடவை, காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, கையைத் தளர விட்டான். வலை முழு வட்டமாக விரிந்து தண்ணீரில் படிந்தது.

கரையில் நின்ற பெரியவர் நம் பக்கம் திரும்பி, "அடுத்த வாரம் கையுறையைக் கொடுத்துவிடலாம்" என்றார்.

நாம் நடையைத் தொடர்ந்தோம். அன்று வலையில் மீன் விழுந்ததா என்று கேட்க மறந்துவிட்டோம்.